பெயர் தெரிந்தவர்களின் மன்னிப்பு: ‘தி ரயில்வே மேன்’ படமும் சயாம் மரண ரயிலும்

‘தி ரயில்வே மேன்’ படத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த எரிக் லோமாக்ஸ், முன்னறிவிப்பில்லாமல் தாய்லாந்துக்குப் போய் இறங்குகிறார். தன்னைச் சித்திரவதை செய்த இடம் இப்போது போர் அருங்காட்சியகம். அங்கே வழிகாட்டியாக நிற்கிறார் நகாசே தகாஷி, அன்று ஜப்பானிய ராணுவக் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். லோமாக்ஸ் பழிவாங்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறார். அதே அறையில் நகாசேயை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார், கூண்டுக்குள் அடைக்கிறார், கடைசியில் விட்டுவிடுகிறார். 2013-இல் வெளியான இந்தப் படத்தைப் பார்த்த பலருக்கும் நினைவில் நிற்பது இந்தக் காட்சிதான். கோலின் ஃபர்த்தும் ஹிரோயுகி சனாதாவும் நடித்துக் காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. நிஜத்தில் அந்த இருவரும் முன்கூட்டியே கடிதம் எழுதி, நாள் குறித்து, மனைவிமாரோடு வந்து, 1993 மார்ச்சில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஆற்றுப் பாலத்துக்கு அருகே சந்தித்தார்கள். அந்தக் கடிதங்களை எழுதிய விதத்தில் சமரசம் என்றால் என்ன என்பதற்குப் படத்தில் இருப்பதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான், ‘சயாம் மரண ரயில்’ என்று பெயரெடுத்த அதே தண்டவாளத்தில் செத்துப்போன பல்லாயிரம் மலாயாத் தமிழர்களுக்கு ஏன் இப்படி ஒரு சந்திப்பு வாய்க்கவில்லை என்பதும் புரியும்.

முதலில் அந்த ரயில் பாதை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. சில மாதங்களில் பர்மாவும் ஜப்பான் வசம் வந்தது. பர்மாவில் இருந்த படைக்குச் சோறும் குண்டும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடுவதென்று ஜப்பானிய ராணுவம் முடிவெடுத்தது. ஆங்கிலேயர்கள் முன்பே அளந்து பார்த்து, கட்டுப்படியாகாது என்று கைவிட்ட வழி அது. 1942-இன் நடுவில் வேலை தொடங்கியது. இரண்டு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபரில் கொன்கொய்த்தா என்ற இடத்தில் சேர்ந்தன. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, வெடி, யானை, மனிதர்கள். கருவி என்று சொல்ல வேறு அதிகமில்லை.

60,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தக் கணக்கு உலகம் அறிந்தது. அவர்களோடு, அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில், மலாயாத் தமிழர்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் வேலை செய்தார்கள். இவர்களின் தொகை இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். இறந்தவர்கள் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் ‘மரண ரயில்’ என்றதும் உலகின் மனக்கண்ணில் வருவது சட்டையில்லாத மெலிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவம். அதற்கு சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

லோமாக்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோ பக்கம் பிறந்தவர், சிறுவயது முதல் ரயில் என்றால் உயிர். எஞ்சின்களையும் பாதைகளையும் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் கொண்டவர். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் அதிகாரியாக இருந்து சிங்கப்பூரில் பிடிபட்டார். காஞ்சனபுரி முகாமில் அவரும் நண்பர்களும் சேர்ந்து ரகசியமாக ஒரு வானொலிப் பெட்டி செய்தார்கள். போர் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். லோமாக்ஸ் கூடவே இன்னொன்றும் செய்தார். ரயில் பாதையை வரைபடமாக வரைந்து மறைத்துவைத்தார். 1943 ஆகஸ்டில் வானொலி பிடிபட்டது. அந்தக் குழுவை இரவு முழுக்க மண்வெட்டிக் காம்புகளால் அடித்தார்கள். இருவர் அந்த அடியிலேயே இறந்தார்கள். லோமாக்ஸின் இரண்டு கைகளும் முறிந்தன.

வரைபடமும் கிடைத்ததால் அவருக்குத் தனி விசாரணை. உளவு பார்க்கத்தான் வரைந்தாய் என்றார்கள். ரயில் மேலுள்ள ஆசையில் வரைந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நாட்கணக்கில் கேள்விகள், கூண்டு, முகத்தில் குழாய்நீரைப் பாய்ச்சி மூச்சைத் திணறவைப்பது. இதையெல்லாம் செய்த கைகள் வேறு. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அவர் காதில் விழுந்தது ஓர் இளைஞனின் குரலில், ஆங்கிலத்தில். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் நகாசே. அடித்தவர்களின் முகங்கள் லோமாக்ஸுக்கு மங்கிப்போயின. அந்தக் குரல் மட்டும் அரை நூற்றாண்டு காதில் இருந்தது. பிறகு அவர் சிங்கப்பூரின் ஊட்ரம் சாலைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, எலும்புக்கூடாகி, போர் முடிந்தபோது பிழைத்து வெளியே வந்தார்.

படத்தின் முதல் பகுதி, இதெல்லாம் நடந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதரின் வீட்டுக்குள் என்னவாக மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. என் கணிப்பில் படத்தின் ஆகச்சிறந்த பகுதி இதுதான். ரயிலில் பாட்டி (Patti) என்ற பெண்ணைச் சந்தித்துத் திருமணம் செய்துகொள்ளும் அந்த அமைதியான, புத்தகப்பிரியரான மனிதர் இரவில் அலறுகிறார். சம்பந்தமில்லாத சின்ன விஷயத்துக்கு இறுகிப்போகிறார். மனைவி எது கேட்டாலும் கதவைச் சாத்திக்கொள்கிறார். முன்னாள் கைதிகள் கூடும் சங்கத்திலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இயக்குநர் ஜொனாதன் டெப்லிட்ஸ்கி இந்த மௌனத்தை அவசரப்படாமல் காட்டுகிறார். பாட்டியாக நடித்த நிகோல் கிட்மேனுக்குக் கொடுத்த இடம்தான் போதவில்லை. நிஜக் கதையைத் திருப்பிப்போட்டது அந்தப் பெண்தான்.

நடந்தது இப்படி. 1989-இல் முன்னாள் கைதி நண்பர் ஒருவர் ‘ஜப்பான் டைம்ஸ்’ நாளிதழில் வந்த ஒரு செய்தியை லோமாக்ஸிடம் சேர்ப்பித்தார். நகாசே என்ற முன்னாள் ராணுவ மொழிபெயர்ப்பாளர் தன் போர்க்காலச் செயல்களுக்காக வருந்தி, காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பிராயச்சித்தம் செய்கிறார் என்று அதில் இருந்தது. அதிலிருந்த புகைப்படத்தையும் பார்த்தார் லோமாக்ஸ். அதே ஆள். அந்தக் கணத்தில் அவருக்குள் எழுந்தது கொலைவெறிதான் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் விமானம் ஏறவில்லை. நகாசே எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தார். அதில் தன்னுடைய சித்திரவதையையே, பெயர் இல்லாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதியிருப்பதைக் கண்டார். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தன் பாவம் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்றும் நகாசே அதில் எழுதியிருந்தார்.

இந்த ஒரு வரி பாட்டிக்குப் பொறுக்கவில்லை. யார் உன்னை மன்னித்தது? பாதிக்கப்பட்டவர் இங்கே இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார், அவர் மன்னிக்கவில்லையே? இந்தக் கேள்வியைக் கடிதமாக எழுதி 1991-இல் ஜப்பானுக்கு அனுப்பினார், கணவரின் புகைப்படத்தோடு. நகாசேயிடமிருந்து பதில் வந்தது. உங்கள் கடிதம் என் நெஞ்சில் குத்துவாளாக இறங்கியது என்ற பொருளில், உடைந்த ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதில். தன்னைப் பற்றி எந்தச் சப்பைக்கட்டும் அதில் இல்லை. அந்தப் பதிலைப் படித்தபோதுதான் பாட்டியின் கோபம் தணிந்தது. லோமாக்ஸுக்கு இன்னும் நாள் தேவைப்பட்டது.

தவறு செய்தவர் தனக்குத் தானே மன்னிப்பு வழங்கிக்கொள்ள முடியாது. நினைவிடம் கட்டலாம், கோயில் கட்டலாம், மலர்வளையம் வைக்கலாம். நகாசே இவை எல்லாவற்றையும் உண்மையான வருத்தத்தோடு செய்தவர். ஆனாலும் உயிரோடிருக்கும் பாதிக்கப்பட்டவர் ஒருவரின் வாயிலிருந்து வராதவரை அந்தக் கணக்கு தீராது. நகாசே இதை ஏற்றுக்கொண்டார். திரைக்கதைக்காரர்கள் இந்த இடத்தைப் பழிவாங்கும் பயணமாக மாற்றியதில் போனது இதுதான். படத்தில் லோமாக்ஸ் நகாசேயை மடக்குகிறார். வாழ்க்கையில் பாட்டியின் கடிதம் மடக்கியது, நகாசே ஓடாமல் நின்றார். படத்தில் லோமாக்ஸைப் பயணத்துக்குத் தள்ளும் நண்பரின் தற்கொலையும் கற்பனை. லோமாக்ஸ் லண்டனில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான மருத்துவ அறக்கட்டளைக்குப் போய், ஹெலன் பாம்பரிடம் முதன்முறையாக வாய்திறந்து பேசக் கற்றுக்கொண்டது நிஜம். அது படத்தில் இல்லை. பேச்சும் கடிதமும் திரையில் எடுபடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

படம் விட்டுவிட்ட இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்த கையோடு லோமாக்ஸுக்கு ஒரு திருமணம் நடந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் குடும்பம் அவருடைய இறுகிய மௌனத்தோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்து உடைந்தது. திரையில் அவர்கள் பிறக்கவே இல்லை. போர் ஒரு வீட்டை எவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்கும் என்று சொல்லவந்த படம், அதன் நீண்ட முதல் பகுதியை இல்லாமலாக்கியது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

1993 மார்ச் சந்திப்பில் நகாசே நடுங்கிக்கொண்டே குனிந்து வணங்கினார். தன்னைவிட மிகவும் சிறிய உருவமாகத் தெரிந்த அந்தக் கிழவருக்கு லோமாக்ஸ் ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொன்னார். ஐம்பது ஆண்டு நீண்ட காலம், எனக்கு அது துன்பத்தின் காலம், உங்களை நான் மறக்கவே இல்லை என்ற பொருளில் நகாசே பேசினார். இருவரும் சேர்ந்து ரயில் பாதையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆனால் லோமாக்ஸ் அங்கே மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. பிறகு ஜப்பானுக்குப் போனபோது, டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் நகாசேயைத் தனியாக உட்காரவைத்து, தான் எழுதிவந்த சிறு கடிதத்தை வாசித்துக் கையில் கொடுத்தார். நடந்ததை மறக்க முடியாது, ஆனாலும் முழுமையாக மன்னிக்கிறேன் என்பது அதன் சாரம். ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் எழுத்தில் கொடுத்த ரசீது போன்றது அது. நகாசே 2011-இலும், லோமாக்ஸ் படம் திரைக்கு வரும் முன்பே 2012 அக்டோபரிலும் காலமானார்கள். கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

காஞ்சனபுரி முகாமில் இருவரை அடித்துக் கொன்ற குற்றத்துக்காக ஜப்பானிய அதிகாரி ஒருவரை 1946-இல் சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். அவருடைய மகன் பிற்காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து லோமாக்ஸைப் பார்த்து, தந்தைக்காக வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். தூக்கிலிடப்பட்டவரின் மகன் வந்து தலைகுனிகிறார், அடிபட்டவர் வரவேற்று உட்காரவைக்கிறார். இந்தக் காட்சியை யாரும் இன்னும் படமாக எடுக்கவில்லை.

இந்தக் கதை முழுக்க ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது: பதிவு. வரைபடம், புகைப்படம், நாளிதழ்ச் செய்தி, புத்தகம், கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு. இவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்க முடியாது.

நகாசேயின் மனமாற்றமும் ஒரு பதிவுப் பணியில்தான் தொடங்கியது. போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், இறந்த கைதிகளின் கல்லறைகளைத் தேடி நேச நாட்டுக் குழு ஒன்று ரயில் பாதை நெடுகப் போனது. மொழிபெயர்ப்புக்கு நகாசேயை அழைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் அவர் பார்த்தது சவக்குழிகளை. 144 இடங்களில் 10,500-க்கும் மேற்பட்ட கல்லறைகள் பட்டியலில் இருந்தன. அந்தக் குழுவால் கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே. காட்டுக்குள், மூங்கில் சிலுவைகள் மக்கிப்போன இடத்தில், எப்படி இவ்வளவு துல்லியம்? கைதிகளின் அதிகாரிகள் ஒவ்வொரு சாவையும் எழுதிவைத்திருந்தார்கள். பெயர், படைப்பிரிவு, நாள், நோய், புதைத்த இடம். காவலாளி கண்ணில் படாமல் மறைக்க, சிலர் அந்தத் தாள்களைப் புட்டியிலும் தகரக் குப்பியிலும் அடைத்துப் பிணத்தோடு சேர்த்தே புதைத்தார்கள். அந்த எலும்புகள்தான் இன்று காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் புல்வெளிகளில் வரிசையாக இருக்கின்றன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும்.

நகாசே மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். அங்கே ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை.

மலாயாத் தோட்டப்புறத்தில் அந்தக் காலத்துக்கு ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பெயர். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போனார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பால்வெட்டுக்கு வேலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. இந்த நேரத்தில்தான் சயாமில் (தாய்லாந்தின் பழைய பெயர்) வேலை இருக்கிறது, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆள் சேர்த்தார்கள். முதலில் சிலர் விரும்பியே போனார்கள். போனவர்கள் திரும்பாதபோது மற்றவர்கள் ஒளிந்தார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். கங்காணியும் (மேஸ்திரி) கிராணியும் (எழுத்தர்) பெயர் எழுதிக் கொடுத்தார்கள், சிலர் பயத்தில், சிலர் பழைய பகை தீர்க்க. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் மலேசியாவில் பதிவான வாய்மொழிகள் சொல்கின்றன. மூடிய சரக்குப் பெட்டிகளில் பான்போங் வரை ரயில், அங்கிருந்து காட்டுக்குள் நடை. சிலர் மனைவி மக்களோடே போயிருந்தார்கள்.

1943 மே மாதம் மழையோடு காலரா வந்தது. அதே மாதங்களில்தான் பாதையைச் சீக்கிரம் முடி என்று டோக்கியோவிலிருந்து நெருக்கடி. போர்க்கைதிகளும் செத்தார்கள். ஆனால் அவர்களிடம் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கொதிக்கவைத்த நீரைத் தவிர வேறு குடிக்காதே என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள், கழிப்பறை தோண்டும் ஒழுங்கு இருந்தது. தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் இவற்றில் எதுவும் இல்லை. பின்னால் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பார்த்தவற்றை எழுதிவைத்திருக்கிறார்கள்: உயிர் இருக்கும்போதே காட்டில் விடப்பட்டவர்கள், மொத்தமாகக் கொளுத்தப்பட்ட கொட்டகைகள். தமிழர் சாவைப் பற்றி நேரில் கண்டு எழுதிய குறிப்புகளில் பெரும்பகுதி இப்படி மற்றவர்கள் எழுதியவைதான்.

ஜப்பானியர் பக்கத்துக் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். இறந்தவர்கள் 30,000-ஐ ஒட்டி. இதைத் தவிர, ‘ஓடிப்போனவர்கள்’ என்று 20,000-க்கும் மேற்பட்டோர் ஒரு தனிக் கட்டத்தில் இருக்கிறார்கள். காலராவோடு நடுக்காட்டில் ஓடிப்போனவர் எங்கே போயிருப்பார்? சிலர் தாய்லாந்துக் கிராமங்களில் தங்கி, மணம் முடித்து, அங்கேயே கலந்துபோனார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. அதனால்தான் உண்மையான சாவு எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்று கணித்தார்கள். அதற்கு மேல் யார் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை.

இந்த ரயிலைப் பற்றி உலகம் பார்த்த முதல் பெரிய படம் 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதை எடுத்தது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையின் கித்துல்கலையில். அந்தப் படத்தில் பாலத்தைக் கட்டுபவர்கள் பிரிட்டிஷ் கைதிகள், கதை அவர்களுடைய கர்னலின் தன்மானத்தைப் பற்றியது. அது உலகம் முழுக்க ஓடியதும், படத்தில் வரும் ஆற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் காஞ்சனபுரியில் வந்து இறங்கினார்கள். நிஜப் பாலமோ மேகுலாங் ஆற்றின் மேல் இருந்தது. ஆற்றின் அந்தப் பகுதிக்குத்தான் பிறகு ‘குவாய் யாய்’ என்று பெயர் மாற்றினார்கள். ஒரு சினிமா ஓர் ஆற்றின் பெயரையே மாற்றியது. அதே சினிமா எழுபதாயிரம் தமிழர்களைக் கண்ணிலிருந்து மறைத்ததில் என்ன வியப்பு?

‘தி ரயில்வே மேன்’ அந்த அளவுக்குப் போகவில்லை. அது ஒரு தனிமனிதரின் கதை என்ற வரம்புக்குள் நேர்மையாக இருக்கிறது. லோமாக்ஸின் வாழ்க்கையைப் படமாக்கும்போது தோட்டத் தொழிலாளரின் கதையைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டுவது சரியில்லை. என் கேள்வி வேறு. அந்தத் தொழிலாளரின் கதையில் நகாசேயின் இடத்தில் யாரை நிறுத்துவது? எந்த மொழிபெயர்ப்பாளர் எந்தத் தமிழரை விசாரித்தார்? தமிழனை விசாரிக்க வேண்டிய தேவையே ஜப்பானியருக்கு இருக்கவில்லை. அடிக்கவோ ஊசி போட்டு முடிக்கவோ பெயர் தேவைப்படவில்லை. பெயர் கேட்காதவனிடம் ஐம்பது ஆண்டு கழித்து யார் போய், என்னை நினைவிருக்கிறதா என்று கேட்பது?

இதில் மூன்று அரசுகளுக்குப் பொறுப்பு இருந்தது, மூன்றும் நழுவின. தொழிலாளர்கள் பிரிட்டிஷ் மலாயாவின் குடிமக்கள்கூட இல்லை, கூலிக்கு வந்த இந்தியர்கள். போருக்குப் பின் வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் ரப்பர் உற்பத்தியைத் தொடங்குவதில் காட்டிய வேகத்தைக் காணாமல் போனவர்களின் பட்டியல் எடுப்பதில் காட்டவில்லை. ரயில் பாதையையே 1947-இல் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். பிரிட்டிஷ் முன்னாள் கைதிகளுக்கு ஐம்பதுகளில் எழுபத்தாறு பவுண்டு கிடைத்தது. அது போதாது என்று அவர்கள் பல பத்தாண்டு போராடியதில், 2000-இல் பிரிட்டிஷ் அரசே ஆளுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. மலேசியாவுக்கு ஜப்பான் 1967 உடன்படிக்கையில் 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்பில் கப்பல்கள் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. சயாமில் கணவனையும் மகனையும் தொலைத்த தோட்டத்துப் பெண்ணின் கைக்கு அதிலிருந்து ஒரு வெள்ளியும் போகவில்லை. இந்தியா விடுதலையடைந்த வேகத்தில் இவர்களை மறந்தே போனது.

ஜப்பான் ஒன்றை மட்டும் மறக்கவில்லை. பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்றை 1979-இல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து, போரில் இறந்த ஜப்பானியரை வணங்கும் டோக்கியோ யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பளபளவென்று துடைத்து வைத்த எஞ்சின். நகாசே தன் நாட்டில் கடைசிவரை எதிர்த்துப் பேசியது இந்த மனநிலையைத்தான், அதற்காக அவர் வசவும் வாங்கினார். போருக்குப் பின் நூறு முறைக்கும் மேல் தாய்லாந்து போனவர், 1976-இலேயே பாலத்தின் அருகே முன்னாள் கைதிகளையும் ஜப்பானியரையும் ஒன்றாகச் சந்திக்கவைத்தவர். அவர் அளவுக்கு அந்த ரயிலுக்காகத் தலைகுனிந்த ஜப்பானியர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒருவர் தலைகுனிந்தால் அது அவருடைய கணக்குக்குத்தான் போகும். அரசு செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

மலேசியத் தமிழர்கள் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. சயாம் மரண ரயிலை வைத்துத் தமிழில் நாவல்கள் வந்திருக்கின்றன, அவற்றை எழுதியவர்கள் அந்தத் தோட்டங்களிலேயே வளர்ந்தவர்கள். உயிர்பிழைத்து வந்தவர்களின் பேச்சைத் தன்னார்வலர்கள் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் விகாரையில், ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட இடத்தில், 2023-இல் தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது. போர் முடிந்து 78 ஆண்டுகளுக்குப் பிறகு. அதை எழுப்ப உழைத்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

இனி செய்யக்கூடியதும் அவர்களிடம்தான் இருக்கிறது. சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் திரும்புவார்கள் என்று லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் காத்திருந்த குழந்தைகள் இப்போது எண்பதையும் தொண்ணூறையும் தாண்டியவர்கள். அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எந்த மாதம் லாரி வந்தது, கூடப் போனவர்கள் யார் யார் என்று அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்லறை தேடிப் போன குழுவிடம் 1945-இல் இருந்த பட்டியல் போல ஒன்றை, தோட்டம் தோட்டமாக, இப்போதும் எழுத முடியும். கிள்ளான், தாப்பா, சுங்கை சிப்புட் பக்கத்தில் குடும்பம் இருப்பவர்கள் அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும்போது கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு முதல் கேள்வியைக் கேட்கலாம்: சயாமுக்கு நம் வீட்டிலிருந்து யார் போனது?